பாரம் ஏதும் தூக்கினீங்களா?

கிண்ணியாவில் ஆதிலாவின் தெருவிலிருந்து டொக்டருக்குப் படிக்கப் போனவள் அவள் ஒருத்திதான். வாப்பா கலீலுர் றஹ்மான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிமெந்தும் கம்பியும் விற்கிற கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எதைப் பற்றிக் கதைத்தாலும் பேச்சு கடைசியில் மகளின் படிப்பில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வார். உம்மா அப்படியில்லை. "முடிச்சிட்டு வரட்டும், பொறவு கதைப்பம்" என்பாள்.

மட்டக்களப்பில் படித்த ஐந்து வருடத்தில் ஆதிலாவுக்கு ஆகப் பிடித்தது நோயாளியோடு கதைக்கிற பயிற்சிதான். ஒரு சின்ன அறை. கதிரையில் நோயாளி மாதிரி நடிக்க ஒருவர் இருப்பார், மூலையில் புள்ளி போடுகிற பரீட்சகர் இருப்பார். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். சலாம் சொல்லி, பெயரைச் சொல்லி, பக்கத்தில் இருந்து, "என்ன செய்யுது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நோயாளி சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது. பதிலைக் கேள்விக்குள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. மற்றப் பிள்ளைகள் எட்டு நிமிடம் போதவில்லை என்று முறையிடுவார்கள். ஆதிலாவுக்கு எப்போதும் நேரம் மிஞ்சும். கடைசி வருடப் பரீட்சையில் அந்தப் பகுதியில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் கூடிய புள்ளி. நடித்த பெண்மணி வெளியே வந்து, "உங்களிட்டச் சொல்லேக்க எனக்கு உண்மையா நோய் வருத்தம் இருக்கிற மாதிரியே இருந்தது பிள்ளை" என்று சொன்னார்.

அதன் பிறகு திருகோணமலை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி டொக்டராக வந்தாள். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

வாட்டில் எட்டு நிமிடம் யாருக்கும் கிடையாது. புது நோயாளிகளை எடுக்கிற நாளில் காலை பதினொரு மணிக்குள் முப்பது பேர் வந்துவிடுவார்கள். கட்டில் இல்லாதவர்கள் வாங்கிலும், வாங்கு இல்லாதவர்கள் நிலத்தில் பாயிலும் இருப்பார்கள். ஆதிலா முதல் இரண்டு மாதம் எல்லோரிடமும் பக்கத்தில் இருந்து கேட்டாள். இரத்தம் எடுக்கப் பிந்தியது, எக்ஸ்ரேக்கு அனுப்பப் பிந்தியது, பெரிய டொக்டர் வரும்போது நோயாளிகளின் விவரம் எழுதுகிற டிக்கெட்டுகளில் பாதி எழுதாமல் கிடந்தது. வாட்டின் மூத்த தாதி, மிஸி கீர்த்தனி ஒருநாள், "டொக்டர், கதை கேக்கிறது நல்லதுதான். ஆனா இந்த வேகத்தில போனா அடுத்த பெருநாளுக்கும் இதே ஆக்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பீங்கள்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆதிலாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த கிழமையிலிருந்து அவள் நின்றுகொண்டே கேட்கத் தொடங்கினாள். கேட்கும்போதே எழுதினாள். எழுதுவதற்கு எளிதான பதில் வரும்படி கேட்கவும் பழகிவிட்டாள். வேலை முடிந்தது. பெரிய டொக்டர் குணரத்தினம், "இப்பதான் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீங்கள்" என்று சொன்னார். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

சஜீத் வந்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. வயது இருபத்தொன்பது, ஊர் இறக்கக்கண்டி. மனைவி ஷாமிலா இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள். நல்ல உடம்புக்காரன். வாங்கில் இருக்கும்போது மட்டும் முதுகை நிமிர்த்த முடியாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள் ஆதிலா.

"தோள்மூட்டு நோகுது டொக்டர். இடுப்பு நாரியும் புடிச்சிக்கிட்டு இரிக்கி. கால் ரெண்டும் விறைக்கிற மாதிரி."

"எப்ப இருந்து?"

"நேத்துப் பின்னேரம்."

"என்ன தொழில்?"

"கடல் தொழில்."

அவள் பேனை நிற்கவில்லை. "பாரம் ஏதும் தூக்கினீங்களா? எஞ்சின், வலை?"

சஜீத் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"டொக்டர், இவரு நேத்து..." என்று ஷாமிலா தொடங்கினாள்.

"தங்கச்சி, வருத்தக்காரர் சொல்லட்டும். நீங்க புள்ளையோட கொஞ்சம் வெளியில நில்லுங்க. நான் கூப்பிடுறன்."

நோயாளியே தன் வாயால் சொல்ல விட வேண்டும், உறவினர் பேச்சு அதை மறைத்துவிடக் கூடாது என்பதும் அவள் படித்த பாடம்தான். ஷாமிலா வெளியே போனாள்.

"ஓம் டொக்டர்" என்றான் சஜீத். "எஞ்சின் தூக்கின."

ஆதிலா அவனுடைய தோளை அமத்திப் பார்த்தாள். அமத்தினால் நோகவில்லை என்றான். பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட தோள் அமத்தினால் நோக வேண்டும். அது அவளுக்கு ஒரு கணம் உறைத்தது. அதற்குள் அடுத்த கட்டிலில் மூச்சு இழுக்கிற வயோதிபர் ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். முழங்காலில் தட்டிப் பார்த்தாள், கால் துள்ளியது. வலது பாதத்தில் மட்டும் ஊசியால் தொட்டுப் பார்த்தாள். டிக்கெட்டில், மீனவர், எஞ்சின் தூக்கியபின் தோளும் நாரியும் நோவு என்று எழுதினாள். நோவுக்கு ஊசி போடச் சொல்லிவிட்டு வயோதிபரிடம் ஓடினாள். ஷாமிலாவைக் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு டொக்டர் குணரத்தினம் வந்தார். ஆதிலா எழுதியதை வாசித்தாள். அவர் சஜீத்தின் இரண்டு காலையும் தூக்கச் சொன்னார், அவன் தூக்கினான். ஊசிக்குப் பிறகு நோவு குறைவு என்றான், வீட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டான். குளிசை எழுதிக் கொடுத்து, கூடினால் வரச் சொல்லி நாலு மணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சஜீத்தை இரண்டு பேர் முச்சக்கர வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். ஒருவன் அவனுடைய மச்சான் றம்ஸான். விடிய எழும்பியபோது கால் இரண்டும் அசையவில்லை. சலம் கழிக்கவும் முடியவில்லை. வயிறு கல்லுப்போல ஊதியிருந்தது.

ஆதிலா சலத்துக்குக் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போது திரைக்கு வெளியே ஷாமிலா மிஸி கீர்த்தனியிடம் அழுதழுது சொல்வது கேட்டது.

"இவரு திங்கக்கிழமை காத்துச் சிலிண்டர் போட்டுக் கடல்ல இறங்கின மிஸி. நாலு தரம் இறங்கின. கடசிச் சிலிண்டர் கீழ வச்சே முடிஞ்சிட்டு. ஒரே மூச்சில மேல வந்திருக்காரு."

சஜீத் சுழியோடி. படகு ஒன்றிலிருந்து கடலடிக்கு மூழ்கிப் போய்க் கடலட்டை அள்ளுவது அவனுக்கு வேலை. லைசன்ஸ் இல்லை. என்ன நடந்தாலும் சுழியோடினது என்று வாய் திறக்கக் கூடாது என்பது படகுக்காரன் போட்ட கட்டளை. ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்திருக்கிற காற்று குமிழியாகி முள்ளந்தண்டு நரம்பை அடைத்துவிடும். அந்தக் கரையில் இப்படிக் காலிழுத்து நடக்கிறவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. ஆதிலாவும் சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறாள். நேரத்தோடு ஒட்சிசன் கொடுத்து, கடற்படையிடம் இருக்கிற அழுத்த அறையில் வைத்து எடுத்தால் அநேகமாகச் சுகம் வரும். ஒரு நாள் போய்விட்டால் சொல்ல முடியாது.

கீர்த்தனி நேரே போய் டொக்டர் குணரத்தினத்தைக் கூட்டி வந்தாள். அவர் ஷாமிலா சொன்னதைக் கேட்டார். ஒட்சிசனை முழுதாகத் திறக்கச் சொன்னார், அம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு நேற்றைய டிக்கெட்டை எடுத்துப் புரட்டிவிட்டு ஆதிலாவைப் பார்த்தார்.

"சுழியோடினதைப் பற்றிக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான் சேர். இல்லையெண்டு சொன்னவர்."

சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கேள்வி வந்தது, பதில் வந்துவிட்டது. ஆனால் பொய் என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. திருத்துவதற்கு அந்த இடத்தில் நேரமும் இருந்தது. குணரத்தினம் பேனையைத் திறந்து, நோயாளி சுழியோடியதை மறைத்துள்ளார் என்று எழுதி, கையொப்பம் வைத்து முடிக்கும் வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

அழுத்த அறைக்குள் முதல் நாள் ஐந்து மணித்தியாலம் வைத்தார்கள். பிறகு ஆறு நாள் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். இடது கால் தேறியது. வலது கால் பாதி தேறி நின்றுவிட்டது. சலம் தானாகப் போகவில்லை. சஜீத் மறுபடி அதே வாட்டுக்கு வந்து, யன்னலோரக் கட்டிலில் கிடந்தான். தினமும் காலையில் ஊசியால் தொட்டு உணர்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது ஆதிலாவின் வேலை.

மூன்றாம் நாள் காலை அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது சஜீத் சொன்னான்:

"டொக்டர், மாப்புச் செய்யணும். என்ட பிழைதான். நீங்க கேட்ட நேரம் உண்மையச் சொல்லியிருந்தா இப்பிடி வந்திருக்காது. உங்களுக்கும் பெரிய டொக்டர்ட்ட ஏச்சு விழுந்திருக்கும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை தன்னிடம் என்னென்ன கேட்டார்கள் என்பது அவனுக்குச் சரியாக நினைவில் இல்லை. நோவும் பயமுமாக இருந்தவன். தான் ஒரு பொய் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. வாட்டில் எல்லோரும் சொன்னதைக் கேட்டு, டொக்டர் சுழியோடினாயா என்று கேட்டதாகவும் தான் இல்லை என்றதாகவும் அவனே நம்பிவிட்டான்.

ஆதிலா "இந்த இடம் தெரியுதா? இது?" என்று ஊசியை மேலே நகர்த்தினாள். அன்று மத்தியானம் விடுதி அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். அழுகை வரவில்லை. போனில் உம்மா கூப்பிட்டபோது, வேலை கூட என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஷாமிலா வருவது குறைந்தது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இல்லை. றம்ஸான்தான் சாப்பாடு கொண்டுவந்தான். ஆதிலா விசாரித்தபோது அவன் மறைக்கவில்லை.

"அவ நிலாவெளியில உம்மா வீட்ட போயிட்டா டொக்டர். படகுக்காரனுக்குப் பயந்து டொக்டருக்கே பொய் சொன்ன மனிசன், எனக்கும் புள்ளைக்கும் என்ன செய்வாரு எண்டு கேக்கிறா. இவனும் ஒண்டும் பேசுறானில்ல. பிழை என்னிலதான் எண்டு கிடக்கிறான்."

பங்குனியில் மாணவர்கள் வந்தார்கள். எட்டுப் பேர், புது வெள்ளைக் கோட்டு. வாட் பயிற்சியில் முதல் கிழமை. டொக்டர் குணரத்தினம் அவர்களை சஜீத்தின் கட்டிலடிக்குக் கூட்டிப்போனார். படிப்பிப்பதற்கு அதைவிட நல்ல நோயாளி கிடைக்காது. எங்கே உணர்ச்சி நிற்கிறது, எந்தத் தசை பலவீனம், ஏன் சலம் போகவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சஜீத் சொன்னபடி காலை நீட்டினான், மடக்கினான்.

"இதில நீங்கள் படிக்கவேண்டிய முக்கியமான விசயம் நரம்பு இல்லை" என்றார் குணரத்தினம். "நோயாளி மறைப்பார். நேரே கேட்டாலும் மறைப்பார். இவரிட்டக் கேட்டது, இல்லையெண்டு சொன்னவர். ஒரு நாள் வீணாப் போச்சுது. சொல்லுறதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிரசாந்தினி என்கிற ஒரு மாணவி மட்டும் எழுதாமல் நின்றாள்.

"சேர், என்ன சொல்லாலை கேட்டவை? நாங்கள் கேக்கேக்க எப்பிடிக் கேக்கோணும் எண்டு தெரிஞ்சால் நல்லம்."

"நல்ல கேள்வி" என்று குணரத்தினம் ஆதிலாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ. எப்பிடிக் கேட்டனீங்கள்?"

ஆதிலா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிரசாந்தினி பேனையைத் திறந்து காத்திருந்தாள்.

"சிலிண்டர் போட்டு இறங்கினீங்களா எண்டு கேட்டனான்."

சஜீத் தலையைத் தூக்கினான். ஒருவர் சொல்வதைக் கேட்டு, தன் நினைவோடு வைத்துப் பார்க்கிற முகம். நெற்றி சுருங்கியது. இரண்டு தரம் கண்ணை மூடித் திறந்தான். சிலிண்டர் என்ற சொல்லை அவன் காதால் கேட்டிருந்தால் மறந்திருக்க மாட்டான். அந்தச் சொல்லுக்குத்தான் அவன் அன்றைக்கு முழுதும் பயந்துகொண்டிருந்தான். அவன் ஆதிலாவை நேரே பார்த்தான். பிறகு, எட்டு மாணவர்களும் பெரிய டொக்டரும் நிற்கிற அந்த இடத்தில், போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

மாணவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். பிரசாந்தினியின் கொப்பியில் அந்தக் கேள்வி எழுதப்பட்டிருந்தது. ஆதிலா ஒருபோதும் கேட்காத கேள்வி.

பகல் ஒரு மணிக்கு அவள் குணரத்தினத்தின் அறைக்குப் போனாள். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், சஜீத்திட்ட நான் சுழியோடினதப் பத்திக் கேக்கல்ல. பாரம் தூக்கினீங்களா எண்டுதான் கேட்ட. மனைவி சொல்ல வந்தா, நான்தான் அவவ வெளியில அனுப்பின. அண்டைக்கு உங்களிட்டச் சொன்னது பொய். இண்டைக்குச் சொன்னதும் பொய்."

குணரத்தினம் கோப்பையை வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்னைக் கொண்டு அந்த மனுசனைப் பொய்யன் எண்டு எழுத வைச்சிட்டீங்கள். பிள்ளையளுக்குப் படிப்பிக்கவும் வைச்சிட்டீங்கள்."

"ஓம் சேர்."

"ஏன்?"

"பயந்திட்டன்" என்றாள்.

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே அம்புலன்ஸ் ஒன்று பின்னுக்கு எடுக்கிற சத்தம். பிறகு, அவளுக்குச் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னார்:

"நானும் ஒண்டும் கேக்கேல்ல. உங்கட பேப்பரைப் பாத்தனான், காலைத் தூக்கச் சொன்னனான். இறக்கக்கண்டியிலிருந்து வாற இருபத்தொன்பது வயசுப் பெடியன், கால் விறைக்குது எண்டு சொல்லுறான். எனக்குத் தோன்றியிருக்க வேணும்." குரல் மறுபடி இறுகியது. "நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்கோ. இது மேலிடத்துக்குப் போகும். தெரியுந்தானே?"

அவள் அவருடைய மேசையிலேயே இருந்து எழுதினாள். அவர் டிக்கெட்டை வரவழைத்து, தான் எழுதிய வரியை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திருத்தம் எழுதித் திகதி போட்டார். மூன்று மணிக்கு இருவரும் வாட்டுக்குப் போனார்கள். குணரத்தினம் சஜீத்திடம், தன் பிழையை அவரே சொன்னார். பிறகு விலகி நின்றார்.

ஆதிலா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். சொன்னாள். சஜீத் முழுதும் கேட்டான்.

"எனக்குக் காலையிலதான் வெளங்கின" என்றான். "அது வரைக்கும், டொக்டர் சொன்னா அதுதான் சரியா இரிக்கும் எண்டு நினச்ச."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்று அவள் கேட்டாள். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வி தனக்காகக் கேட்ட கேள்வி என்பது அவளுக்கே புரிந்தது.

"தெரியா டொக்டர். சொல்லியிருப்பன், சொல்லாமலும் இருந்திருப்பன். அத இப்ப யாரு சொல்ல ஏலும்?" அவன் வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். "ஷாமிலா சொல்லியிருப்பா. அவ சொல்லத்தானே வந்த. அவக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் அவளுக்கு அரை நாள் லீவு. நிலாவெளி பஸ் ஏறினாள். பள்ளிவாசலடியில் இறங்கி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். ஷாமிலா முற்றத்தில் பிள்ளையின் தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிலாவைக் கண்டதும் அவளுடைய முகம் வெளுத்தது.

"மனிசனுக்கு ஏதும்..."

"இல்ல, இல்ல. அவர் நல்லா இரிக்கார்."

ஷாமிலா பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆதிலா முற்றத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் பிள்ளை சிணுங்கியது. ஷாமிலா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நான் சொல்ல வந்த. என்ன ஏன் வெளியில அனுப்பின?"

ஆதிலா வரும் வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தேடியிருந்தாள். "உங்களக் கேக்க நேரமில்ல எண்டு நினச்ச" என்றாள். "நீங்க சொல்லப் போறது முக்கியமா இருக்காது எண்டும் நினச்ச."

"ஒரு மணித்தியாலம் வாசல்ல நின்ட. கூப்பிடுவீங்க எண்டு நின்ட. பொறவு மிஸி ஒராள் வந்து, வழியில நிக்க வேணாம் எண்டா." ஷாமிலாவின் குரல் உயரவில்லை. "இந்த மனிசன நான் என்னென்ன சொல்லி ஏசினன் தெரியுமா உங்களுக்கு? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கால் இல்லாமக் கிடக்கிறவன. அவரு ஒரு சொல் திருப்பிச் சொல்லல்ல."

"மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு கேக்கத்தான் வந்த."

"போங்க டொக்டர்" என்றாள் ஷாமிலா. "புள்ளைக்குத் தடிமன் புடிக்கப் போகுது."

திங்கட்கிழமை காலை ஷாமிலா வாட்டில் இருந்தாள். பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு சஜீத்துக்கு இடியப்பம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆதிலா ஊசியோடு போனபோது ஷாமிலா இடம் விட்டு எழும்பவில்லை. ஆதிலா சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தாள். ஷாமிலா அவளோடு பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, அவன் வீட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் இல்லை.

ஆதிலாவின் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். விசாரணைக் கடிதம் வந்ததும் வாப்பா கேட்டார்:

"இதை யாரும் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல வாப்பா."

"யாரும் கேக்காத ஒண்ட நீயே போய்ச் சொன்னியா?"

"கேட்டாங்க வாப்பா. ரெண்டு தரம் கேட்டாங்க. நான்தான் பொய் சொன்ன."

அவர் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கடையில் மகளின் படிப்பைப் பற்றிய பேச்சு எடுபடவில்லை. உம்மா மட்டும் கொஞ்ச நேரம் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, "அந்தப் பொடியன் நடப்பானா?" என்று கேட்டாள். தெரியாது என்று ஆதிலா சொன்னாள்.

விசாரணை ஐந்து மாதம் இழுத்தது. நோயாளியிடம் கேட்காததற்கு அவளைப் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. வேலைப் பளு என்று ஒருவர் எழுதினார், நோயாளியும் மறைத்தவர்தானே என்று இன்னொருவர் எழுதினார். பொய்க்குத்தான் தண்டனை. பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அவளோடு தொடங்கியவர்கள் முடித்துக்கொண்டு போக, அவள் அதே வாட்டில் புதிதாக வந்தவர்களோடு நின்றாள். புதிதாக வந்தவர்களுக்குக் கதை தெரிந்திருந்தது. சிலர் அவளுக்கு முன்னால் சுழியோடி என்ற சொல்லையே சொல்லாமல் தவிர்த்தார்கள். அது அவளுக்கு ஏச்சைவிடக் கூடுதலாக நொந்தது.

குணரத்தினம் அவளோடு முன்போலப் பேசவில்லை. வேலை விசயம் மட்டும். ஆனால் மாணவர்கள் வரும்போது இப்போது அவர் டிக்கெட்டைத் தாமே வாசிப்பதில்லை. மாணவர்களை விட்டுக் கேட்கச் சொல்வார். அவர்கள் கேட்கும்போது குறுக்கே போகாமல் இருக்க அவருக்கு நிறையக் கஷ்டமாக இருந்தது என்று கீர்த்தனி சொல்வாள்.

சஜீத் சித்திரையில் வீட்டுக்குப் போனான். வலது காலுக்குப் பூட்டு மாதிரி ஒரு கருவி, கையில் ஒரு தடி. நாளுக்கு நாலு தரம் சலத்துக்குத் தானே குழாய் போட வேண்டும். அதைப் படிக்க அவனுக்கு மூன்று கிழமை எடுத்தது. அறையில் யாரும் இருந்தால் செய்ய மாட்டான், ஷாமிலாவைத் தவிர. கடலுக்குப் போகிற பேச்சு முடிந்துபோனது. றம்ஸானின் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறான். குந்தியிருக்க ஏலாது என்பதால் எஞ்சினை மேசை உயரத்துக்குத் தூக்கி வைத்துக் கொடுப்பார்கள். படகுக்காரன் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. அந்தப் படகு இப்போதும் போகிறது, வேறு பையன்கள் இறங்குகிறார்கள். ஆதிலா ஒருமுறை மீனவர் சங்கத்துக்குப் போய், சுழியோடிகளோடு கதைக்க விடும்படி கேட்டாள். சங்கத்தார் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து, "நீங்க கதைச்சா பொடியன்மார் இன்னும் ஒளிப்பாங்க டொக்டர்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நீட்டின பயிற்சியும் முடிந்து அவளுக்கு மூதூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி கிடைத்தது. காலையில் எழுபது, எண்பது பேர். அவள் இருந்துதான் கேட்கிறாள். கூட வந்தவர்களையும் உள்ளே விடுகிறாள். ஆனால் அவள் நினைத்ததுபோல அது லேசாக வரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு, வெயில் ஏறி, வரிசை வெளிவிறாந்தை வரை நீளும்போது, "இருமல் ராத்திரியிலதானே?" என்று அவளுடைய வாய் தானாகவே கேட்டுவிடும். எதிரே இருக்கிறவர் தலையாட்டிவிடுவார். தலையாட்டுவது சுலபம். சில நாள் அவள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கேட்பாள். சில நாள் அந்த ஆள் குளிசையோடு வீதிக்கு இறங்கின பிறகுதான் நினைவு வரும். அப்போது ஆள் விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள், கிடைத்தால் கிடைத்தது.

இதனால் கிளினிக் முடிய மூன்று மணியாகிறது. வேலைசெய்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். போன மாதம் பல்கீஸ் என்கிற ஒரு வயதான அம்மா காலுக்கு மருந்து கட்டக் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"இந்த டொக்டருக்கு ஒண்டும் தெரியா போல. எல்லாத்தையும் எங்கக்கிட்டத்தான் கேக்கிறா."

உள்ளே இருந்த ஆதிலாவுக்கு அது கேட்டது. முன்னால் இருந்தவரிடம், "சொல்லுங்க, நிப்பாட்டாதீங்க" என்றாள்.